வண்டியில் ஒன்றும் இல்லை

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை மறைத்துப் பயனில்லை. சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறேன். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. ஒரு நாளைக்கு நானூறு சட்டை என் கை வழியாகப் போகும். கோணல் தையல், தொங்கும் நூல், காஜாவுக்குள் நுழையாத பொத்தான், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. இந்தக் கார் விவகாரம் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார் என் கணவருடையது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நரம்பு நோய் வந்து அவருடைய இரண்டு கால்களையும் முடக்கிப் போட்டது. கால்களோடு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். "இப்போதைக்கு" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். அந்த வார்த்தையை நான் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் காரில் கையால் ஓட்டுவதற்கு ஒரு லீவர் பொருத்தினோம். ஸ்டியரிங் பக்கத்தில் இடது கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். பிடியை முறுக்கினால் வண்டி வேகம் எடுக்கும், தன் பக்கம் இழுத்தால் பிரேக். கால் பெடல்களும் அப்படியே இருப்பதால் நானும் ஓட்டலாம். ஆனால் அவர் இருக்கும்போது ஓட்ட மாட்டேன். வீட்டில் கட்டிலிலிருந்து இறங்க, குளிக்க, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகம் எடுக்க, எல்லாவற்றுக்கும் அவர் என்னைக் கூப்பிட வேண்டும். அந்தக் காருக்குள் மட்டும் கூப்பிட வேண்டியதில்லை. காலையில் நான் வீல்சேரைத் தூக்கி டிக்கியில் வைப்பேன். ஆபீஸ் வாசலில் காவலாளி அதை இறக்கிக் கொடுப்பார். நடுவில் இருக்கிற அரை மணி நேரம் அவருடையது. கதவைச் சாத்தியதும் கண்ணாடியைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொள்வார், கல்யாணத்துக்கு முன்னால் கோதிய அதே மாதிரி. அதற்காகவே நான் வாசலில் நிற்பேன்.

இரண்டு மாதம் முன்பு ஒரு சாயங்காலம் வந்து, "லீவர் இறுகுது," என்றார். சிக்னலில் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் வண்டி நின்றதாம். அடுத்த வாரம் ஆபீஸ் வாசல் தூணில் முன்பக்கம் லேசாக இடித்துவிட்டது. அதற்கும் அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால், குழந்தைகள் சாலையைக் கடக்கும்போது, எப்படியோ நின்றது. எப்படி நின்றது என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

சரி, நல்ல ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்துக் காட்டிவிடுவோம் என்று நான் கிளம்பினேன். வண்டி ஓடத் தகுதியானது என்கிற வருடாந்திரச் சோதனைச் சான்றையும் மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் போனது தெருமுனையில் இருக்கிற ஒர்க்‌ஷாப். அந்த ஆளுக்குச் சிரித்த வாய் மூடாது. லீவரை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "கேபிள் போச்சுக்கா. மாத்திட்டா வெண்ணெய் மாதிரி வரும்," என்றான். நான் சும்மா விடுகிற ஆளா? வண்டியை விடும் முன்பே பழைய கேபிளின் அடிப்பக்கத்தில் எங்கள் தையல் சாக்குக் கட்டியால் ஒரு நீலக் கோடு இழுத்து வைத்திருந்தேன். சாயங்காலம் புதுக் கேபிள் போட்டாயிற்று என்று சாவியை நீட்டினான். குனிந்து பார்த்தேன். என் நீலக் கோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

அடுத்து, கண்ணாடிக் கதவு வைத்த பெரிய இடம். காத்திருக்கும் அறையில் சோபா, காப்பி மிஷின், சத்தமில்லாமல் ஓடுகிற டிவி. டை கட்டிய ஒருவர் நாலு பக்கம் அச்சடித்த தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வண்டில ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் பெர்ஃபெக்ட்."

"யார் ஓட்டிப் பாத்தாங்க?"

"எங்க டெக்னீஷியன்."

"கையாலயா, காலாலயா?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டார். "காலாலதான் மேடம்."

"லீவர் இறுகுதுன்னு கொண்டு வந்தா, காலால ஓட்டிட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்களே, பல் வலின்னு வந்தவனுக்கு முதுகைத் தட்டிப் பாப்பீங்களா?"

தாளை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். எல்லாம் ஒரே கூட்டம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அவர் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இதைக் கொஞ்சம் திறந்து கொடேன்," என்றார். திறந்து கொடுத்துவிட்டு, "இந்தக் கம்பெனிக்காரனுக்கு வேற வேலை இல்ல, மூடியை இப்படியா இறுக்குவான்?" என்று அவனையும் சேர்த்துத் திட்டினேன். அந்த மாதம் முழுக்க அவர் பொத்தான் வைத்த சட்டையே போடவில்லை, டி‑சர்ட்தான். வெயிலுக்கு இதுதான் சுகம் என்றார். நானூறு சட்டையில் பொத்தான் பார்க்கிறவள் நான். நானும் சுகம்தான் என்றேன்.

என் பக்கத்து மேஜைக்காரி ஒருத்தரைச் சொன்னாள். "ஆளு பேரு ஆமை, அக்கா. அவரு காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஒரு நட்டைக் கழட்ட ஒரு நாள் எடுத்துப்பாரு. ஆனா பொய் சொல்ல மாட்டாரு. சோதனைச் சான்றும் அவரே குடுப்பாரு. அவசரம்னா மட்டும் அங்க போயிடாதீங்க."

எனக்கு அவசரம்தான். ஆனாலும் போனேன்.

ஊரின் பின்பக்கம், மரக்கடைகள் முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஷெட். உள்ளே ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுவரில் அதனதன் வடிவத்தில் கோடு வரைந்து மாட்டி வைத்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. ஆமைக்கு ஐம்பது வயது இருக்கும். பனியனில் ஒரு துளி கிரீஸ் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சார் எப்படி உக்காந்து ஓட்டுவாரு?" என்றார். இதுவரை யாரும் இதைக் கேட்கவில்லை.

பிறகு அவர் செய்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி, இரண்டு கால்களையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கால் பழக்கத்தில் கீழே போய்விடக் கூடாது என்று ஒரு பழைய பெல்ட்டால் மடக்கிய கால்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்படியே கையால் மட்டும் வண்டியை எடுத்து, அந்தக் காலி இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். போவார், நிறுத்துவார், போவார், நிறுத்துவார். தியானத்தில் இருக்கிறவர் காரோடு கிளம்பிவிட்டது போல இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, நான் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கிடைத்துவிட்டான் ஒரு யோக்கியன் என்று நினைத்தேன்.

"விட்டுட்டுப் போங்கம்மா. ரெண்டு நாள் கழிச்சு வாங்க," என்றார்.

அந்த இரண்டு நாளும் கணவரை நானே வாடகைக் காரில் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். "இந்த ஆளு கண்டுபிடிச்சிடுவாரு பாருங்க," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ம்," என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் போனபோது ஆமை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்த பிறகும் வெகுநேரம் கழுவினார்.

"வண்டில ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணே, நீங்களுமா?"

அவர் கோபப்படவில்லை. பெட்டி எடை போடுகிற கொக்கித் தராசு ஒன்றை எடுத்து வந்து லீவரின் பிடியில் மாட்டி, மெதுவாக இழுத்தார். முள் ஏறியது. ஒன்பதில் பிரேக் முழுதாகப் பிடித்தது.

"ஒம்பது கிலோ. இதைப் பொருத்தினவங்க குடுத்த புத்தகம் வண்டிலயே இருந்துச்சு. அதுலயும் ஒம்பதுதான். வெயில்ல வச்சுப் பாத்தேன், தண்ணி ஊத்திப் பாத்தேன், நூறு தடவைக்கு மேல இழுத்துப் பாத்தேன். முதல் நாள் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு." தராசைக் கழற்றினார். "சார் இடது கையாலதான இழுப்பாரு?"

நான் தலையாட்டினேன். பாட்டில் மூடி, பொத்தான், போன வாரம் அவர் கை தவறி விழுந்த டம்ளர், டாக்டரின் அந்த "இப்போதைக்கு", எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தரம் பார்க்கிறவளாம் நான்.

"அண்ணே, ஒரு உதவி பண்ணுங்க," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "சோதனையில பெயில் பண்ணிடுங்க. லீவர் ரிப்பேர்னு எழுதிடுங்க. சாமான் கிடைக்காதுன்னு எழுதுங்க. வண்டி மேலயே பழி இருக்கட்டும்."

"இல்லாத குத்தத்தை எழுதச் சொல்றீங்களே," என்றார். "அப்புறம் எனக்கும் உங்க தெருமுனைக்காரனுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"லீவரை லேசாக்க முடியாதா?"

"முடியும். கம்பியோட நீளத்தை மாத்தி ஏழு வரைக்கும் கொண்டு வரலாம். அதுக்குக் கீழ போனா பிரேக் பிடிக்காது, நான் செய்ய மாட்டேன்." தராசை என் கையில் வைத்தார். "இதை எடுத்துட்டுப் போங்க. சார் எதுலயாவது மாட்டி இழுக்கட்டும். ஏழு வந்துச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க, மறுநாளே செஞ்சு தரேன். நான் நாளைக்குன்னு சொல்றது இதுதான் முதல் தடவை."

சான்றில் எல்லாக் கட்டத்திலும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தேர்ச்சி பெற்றதற்காக அழுதுகொண்டே வண்டி ஓட்டி வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டில் சான்றை அவரிடம் கொடுத்தேன். மேலிருந்து கீழ் வரை படித்தார். நான் தராசைக் கட்டில் மேல் வைத்தேன். ஒன்பதையும் சொன்னேன், ஏழையும் சொன்னேன்.

அவர் வீல்சேரை நகர்த்திப் போய்ச் சன்னல் கம்பியில் கொக்கியை மாட்டினார். இடது கையால் பிடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முள் மூன்று, நான்கு என்று ஏறி ஐந்தில் நின்றது. விட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தார். நான்கரை. ஏழு, ஏழு என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை நாலுகூட வரவில்லை.

"இந்தத் தராசு சரியில்ல போல," என்றார்.

நான் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். இழுத்தேன். முள் விறுவிறுவென்று ஏறியது. ஐந்து வந்ததும் கையை நிறுத்திக்கொண்டு, பல்லைக் கடித்து, முக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஆமாங்க. எனக்கும் அஞ்சுக்கு மேல போகல."

அவர் முள்ளைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பதினாலு கிலோ வீல்சேரைத் தூக்கி டிக்கியில் வைக்கிற கை.

"நல்ல இடமாத்தான் கண்டுபிடிச்சிருக்க," என்றார். "அந்த மெக்கானிக்கை நம்பலாம். உன்னைத்தான் நம்ப முடியாது."

எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. அவர் பைக்குள் கைவிட்டுத் தன் சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி, ஆபீஸ் மேஜைச் சாவி, கார் சாவி மூன்றும் ஒரே வளையத்தில் இருக்கும். கார் சாவியைத் தனியே எடுக்க, வளையத்தின் இடுக்கில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். நழுவியது. மறுபடி நெம்பினார். நான் கையை நீட்டவில்லை. அவரே கழற்றட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு கொத்தை என் பக்கம் நீட்டினார்.

"நீயே கழட்டிக்கோ. நாளைக்கு எட்டே காலுக்குக் கிளம்பணும்."

வாங்கிச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கழற்றினேன். இரண்டு நகம் உடைந்தது. அந்த வளையம் மட்டும் நிஜமாகவே இறுக்கமாக இருந்தது.