நடை வேகத்தில் கொதிக்கும் வண்டி

தெற்கு மாட வீதியில், ஜானவாச ஊர்வலத்தின் நட்டநடுவில், கொதித்துக்கொண்டிருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்தது வண்டியின் சொந்தக்காரர் ஸ்ரீரங்கன்தான். அதற்குச் சாட்சி சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு பன்னிரண்டு பேர், இரு வீட்டு உறவுக்காரர்கள் நூறு பேருக்குக் குறையாமல், கூரையில்லாத காருக்குள் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை, அவரைச் சுற்றி அடைத்துக்கொண்டு ஏழெட்டுக் குழந்தைகள். இத்தனை பேர் பார்க்கத்தான் திறந்தார்.

வண்டி நின்று ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. முன்பக்கத்திலிருந்து ஆவி புஸ்புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "நிச்சயதார்த்தத்துக்கு நாழியாறது ஓய். இது வண்டியா, வெந்நீர் அண்டாவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீரங்கனுக்கு வேடிக்கைப் பேச்சில் இன்னொருவர் தன்னை முந்துவது பொறுக்காது. "ரெண்டும்தான் ஓய். மாப்பிள்ளை ஸ்நானம் பண்ணிண்டே மண்டபத்துக்குப் போய்ச் சேரலாம்" என்றார். இதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் துண்டை மூடியின்மேல் போட்டு ஒரு திருகு திருகினார்.

துண்டு அவரைக் காப்பாற்றிவிட்டது. தண்ணீர் எதிர்ப்பக்கமாகப் பீறிட்டு, அங்கே நின்றிருந்த தவில்காரர் கருணாகரனின் வலது கையில், முழங்கையிலிருந்து விரல் நுனிவரை கொட்டியது. கருணாகரன் கத்தவில்லை. "ஆ" என்று மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். நாதஸ்வரம் பாதிச் சங்கதியில் நின்றுபோனது. மாப்பிள்ளை கடைசியில் நடந்துதான் மண்டபத்துக்குப் போனார்.

அது ஐப்பசியில். கார்த்திகை பிறந்தும் ஸ்ரீரங்கன் கருணாகரனைப் போய்ப் பார்க்கவில்லை. மனைவி சூடாமணி இரண்டு தடவை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எப்படி இருக்கார்?" என்று கேட்டால், "இருக்கார்" என்பாள். கட்டுப் பிரித்தாயிற்றா, விரல் மடங்குகிறதா, ஒன்றும் சொல்லமாட்டாள். ஸ்ரீரங்கனும் அதற்கு மேல் கேட்கமாட்டார். அவர் மனத்தில் வேறு ஓர் ஏற்பாடு இருந்தது. வண்டி ஏன் கொதித்தது என்று முதலில் கண்டுபிடிப்பது, இன்ன கோளாறு, இன்னாருடைய தப்பு என்று தெரிந்துகொண்ட பிறகு கருணாகரன் வீட்டுப் படியேறுவது. வெறுங்கையோடு போய் அந்த முகத்தைப் பார்க்க அவரால் முடியாது. சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது கையில் வேண்டும்.

வண்டி முப்பத்தேழாம் வருஷத்துச் சீமை வண்டி. ஏதோ ஒரு ஜமீன் கலைந்தபோது ஏலத்தில் எடுத்தது. கம்பெனிப் பெயர் பொறித்த தகடு எப்போதோ எங்கேயோ விழுந்துவிட்டதால், ஒவ்வொரு மெக்கானிக்கும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்தார். இருபது வருஷமாக மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் மாப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மேளத்துக்குப் பின்னால் ஆமை மாதிரி ஊர்ந்திருக்கிறது. ஒருநாள்கூடக் கொதித்ததில்லை. ஸ்ரீரங்கன் வேண்டுமானால் கொதித்திருக்கிறார்.

முதலில் மந்தைவெளியில் ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு சாந்தோம் வழியாகக் கடற்கரைச் சாலையில் ஜிலுஜிலுவென்று ஒரு சுற்று ஓட்டினார். சூடு காட்டும் முள் அசையவேயில்லை. "ஒண்ணுமில்ல சார், வண்டி தங்கம்" என்று சொல்லிவிட்டார். அடுத்தவர் அடையாற்றுக்காரர். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினீர்களா என்று கேட்டார். ஊற்றினேன் என்றதும், உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாய்ப் படிந்திருக்கிறது என்று ரேடியேட்டரைக் கழற்றி, சோடாக் காரத்தில் ஊறப்போட்டுக் கழுவிக் கொடுத்தார். ஸ்ரீரங்கனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. கிணறு மாமனார் வெட்டினது. ஆனால் அடுத்த நாளே, லஸ் முனையில் வண்டி நெரிசலில் கால் மணி நேரம் நின்றபோது, முன்பக்கம் மறுபடியும் புஸ்ஸென்றது. மாமனாரும் தப்பித்துவிட்டார்.

போகிற இடமெல்லாம் அந்த ராத்திரிக் கதையையும் சேர்த்தே சொன்னார். "தவில்காரர் குறுக்கே வந்து நின்னுட்டார்" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ஒருநாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சூடாமணி சொன்னாள்: "ஏன்னா, ஓடறச்சே கொதிக்கலை. ஊர்ந்தாத்தான் கொதிக்கறது. இவாள்லாம் வேகமா ஓட்டிப் பாத்துட்டு நன்னா இருக்குங்கறா. ஒரு ஊர்வலம் விட்டுப் பாத்தாத்தானே தெரியும்?"

ஸ்ரீரங்கன் கையில் பிசைந்த சாதத்தோடு அவளைப் பார்த்தார். ஒரு மாதம் அலைந்தவருக்கு இது தோன்றவில்லை.

ராயப்பேட்டையில் ஷெட் வைத்திருந்த மெஹபூப் பாஷா இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "கரீட்டு சார். நடை ஸ்பீடுலதான் பாக்கணும். நீ ஓட்டு, நான் முன்னாடி நடக்கறேன்" என்றார்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்தார்கள். பிற்பகல் மூன்று மணி. காலையில் பெய்த மழை தெருவோரம் தேங்கிக் கிடந்தது. வானம் இன்னும் அழுதுவடிந்துகொண்டிருந்தது. மெஹபூப் பாஷா கையில் ஸ்பானரோடு, நாதஸ்வரக் கோஷ்டி நடக்கிற அதே நிதானத்தில் முன்னால் நடந்தார். பின்னால் ஸ்ரீரங்கன் முதல் கியரில், காலி வண்டியை உருட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளை உட்காருகிற ஆசனத்தில் ஒரு தண்ணீர்க் குடம் உட்கார்ந்திருந்தது.

பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கூடையோடு வந்த முத்தம்மா, தெரு முனையில் நின்று இந்த ஊர்வலத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சாமி, மாப்ளய காணோம்?"

"ஓடிப்போயிட்டாம்மா" என்றார் ஸ்ரீரங்கன்.

"அதான் மேளக்காரன் ஸ்பானர தூக்கினு போறானா?"

"மேளக்காரருக்குக் கை சரியில்லை" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு ஸ்ரீரங்கனுக்கு ஏன் சொன்னோம் என்று இருந்தது. முத்தம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கென்ன தெரியும்.

மூன்றாவது தடவை தெருவைச் சுற்றி வரும்போது முள் ஏறத் தொடங்கியது. மெஹபூப் பாஷா கையைக் காட்டி நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பழைய செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து, ரேடியேட்டரின் முன்னால் பிடித்துக் கையை எடுத்தார். தாள் ஒரு நொடி நின்று, சரிந்து, சேற்றில் விழுந்தது.

"பாத்தியா சார்? பேப்பரு ஒட்டிக்கினு நிக்கணும். ஃபேன் காத்த இஸ்க்கல. வண்டி ஓடுனா எதுர் காத்து வருது, பரவால்ல. மெதுவா போனா காத்துக்கு எங்க போவும்?"

இன்ஜினை நிறுத்தச் சொல்லி, பானெட்டைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இந்த ஃபேனுக்கு யாரு சார் பெயிண்ட் அட்ச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு. ஏன்?"

"சும்மா கேட்டேன். சோக்கா கீது."

மெஹபூப் பாஷா நிமிர்ந்தார். இன்ஜின் ஆறும்வரை நடைபாதையில் குந்தி பீடி குடித்தார். பிறகு நான்கு போல்ட்டைக் கழற்றி, சிவப்புப் பெயிண்ட் பளபளத்த விசிறியை வெளியே எடுத்து, முன்புறம் பின்புறமாகத் திருப்பி, மறுபடியும் மாட்டினார். இன்ஜினைப் போட்டதும் இன்னொரு தாளை நீட்டினார். விரலிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு ரேடியேட்டர் பச்சக்கென்று தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டது.

ஸ்ரீரங்கன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியின் உறுப்பு ஒவ்வொன்றையும் துடைத்து, விசிறியையும் கழற்றி வர்ணம் அடித்திருந்தார். ஒரு பக்கத்தில் பெயிண்ட் வழிந்து, காய்ந்த மெழுகு மாதிரி ஆகிவிட்டது. சந்தனப் பொட்டு வைக்கும்போது நாலு பேர் கண்ணில் படுமே என்று, வழிந்த பக்கத்தை உள்ளே தள்ளி, நல்ல பக்கத்தை முன்னால் வைத்து மாட்டினார். விசிறி சுற்றத்தான் செய்தது. விசிறி என்றால் சுற்றவேண்டும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டார்.

"பாஷா, நான்தானே திருப்பி மாட்டினேன்?"

"வுடு சார். முப்பத்தஞ்சு வருசத்து வண்டி. எதுனா ஒண்ணு வந்துகினுதான் இருக்கும்."

"அதைக் கேக்கலை. அன்னிக்கு நடந்தது என்னாலதானே?"

மெஹபூப் பாஷா கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "டைம் சார். அன்னிக்கு டைம் செரியில்ல."

வீட்டுக்கு வந்து சூடாமணியிடம் சொன்னார். அவள், "யார்தான் வேணும்னு பண்ணுவா? கை கால் அலம்பிண்டு வாங்கோ, காபி கலக்கறேன்" என்றாள். எல்லோரும் அவரைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைக்கோல் சுற்றியே பேசினார்கள். வாழ்நாளெல்லாம் எதற்கும் ஒரு வேடிக்கை சொல்லி நழுவியே பழகியவருக்கு, அன்று ஒருவராவது முகத்துக்கு நேரே சொன்னால் தேவலை என்றிருந்தது. காபி குடிக்காமலே கிளம்பினார்.

கருணாகரன் வீடு கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் இருந்தது. ஸ்ரீரங்கன் போனபோது அவர் பட்டுக்கரை வேஷ்டி கட்டி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, எங்கேயோ கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தவில் மூலையில் உறை போட்டபடி இருந்தது. கருணாகரன் மடியில் ஒரு ஜோடித் தாளம்.

"வாங்க சாமி, வாங்க. முத்துலட்சுமி, சாமி வந்திருக்காரு பாரு."

வலது கையில் கட்டு இல்லை. தோல் ரோஜா நிறத்தில், கண்ணாடித் தாளை ஒட்டினாற்போல மினுமினுத்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கம் வளைந்து அப்படியே நின்றுவிட்டிருந்தன. அந்தக் கையின் மற்ற மூன்று விரல்களால் தாளத்தின் கயிற்றைப் பிடித்திருந்தார்.

"கை இப்போ..." என்று ஆரம்பித்தார் ஸ்ரீரங்கன்.

"பரவால்லீங்க. சும்மா வீட்ல உக்காந்திருக்க முடியுமா? தாளம் போடப் போறேன். தவிலுக்குத் திருவாரூர்லேருந்து ஒரு ஆளு வந்திருக்காப்ல. நல்லா வாசிக்கிறாரு."

அவர் மனைவி முத்துலட்சுமி காபி டம்ளரை ஸ்ரீரங்கன் முன்னால் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஸ்ரீரங்கன் விசிறிக் கதையைச் சொன்னார். மந்தைவெளிக்காரர், அடையாற்றுக்காரர், மாமனார் வெட்டின கிணறு, குடத்தை ஏற்றிக்கொண்டு போன ஊர்வலம், சேற்றில் விழுந்த தாள், ஒன்றையும் விடவில்லை. பழக்கம் போகாதல்லவா, நடுவே இரண்டு இடத்தில் சிரிக்கவும் வைக்கப் பார்த்தார். கருணாகரன் மரியாதைக்கு உதட்டை அசைத்தார். "பெயிண்ட் வழிஞ்ச பக்கம் தெரியப்படாதுன்னு திருப்பினேன் வித்வான். அதுல போய் இவ்வளவு இருக்கும்னு யாருக்குத் தெரியும், சொல்லுங்கோ?" என்று முடித்தார். முடித்த பிறகுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவன் வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறான்.

சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"வித்வான், ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் மழுப்பறா. நீங்களாவது மழுப்பாம சொல்லணும். என்னாலதானா?"

கருணாகரன் தாளத்தைப் பாயில் வைத்தார். வலது கையைத் தூக்கி, இன்னொருவருடைய கையைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாமி, வண்டி ஏன் கொதிச்சுதுன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு உங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன். எந்த வண்டியும் கொதிக்கும். நான் வேடிக்கை பாக்க அங்க வரல. 'ஆறட்டும் சாமி, திறக்காதீங்க'ன்னு உங்க மணிக்கட்டைப் புடிச்சேன். இந்தக் கையாலதான் புடிச்சேன். நீங்க அதத் தட்டி விட்டுட்டு, மாப்ள வீட்டுக்காரர் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே திறந்தீங்க. இனிமே தவில் கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆமாங்க. உங்களாலதான்."