கடைசி பெல்மோர்

கார்வில் ஊரில் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை என்றால் புது பெல்மோர் காரின் திறப்பு விழா. ஒரு வாரம் முன்பே வெர்னா கெஸ்லரின் ஷோரூம் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டிவிடுவார்கள். பிள்ளைகள் ஓட்டை தேடி அலைவார்கள். பெரியவர்கள் தேடாதது போல அலைவார்கள்.

வெர்னாவின் அப்பா காலத்தில் டாக்டர் வைத்திருந்தது பெல்மோர், நீதிபதி வைத்திருந்தது பெல்மோர், சாராயம் கடத்தியவனும் அவனைத் துரத்திய போலீஸும்கூட ஏறியது பெல்மோர். உலகப் போருக்குப் பிறகு கம்பெனிக்கு என்ன பேய் பிடித்ததோ, வருஷா வருஷம் காரின் நீளத்தைக் கூட்டி, பின்னால் மீன்வால் மாதிரி இரண்டு தகட்டு வாலையும் முளைக்க விட்டார்கள். வாங்கியவர்கள் வீட்டுக் கொட்டகைக் கதவு சாத்த மாட்டேன் என்றது. வாங்குகிறவர்களும் குறைந்தார்கள்.

இந்த வியாழக்கிழமை புது கார் வரவில்லை. தந்திதான் வந்தது: தொழிற்சாலையை மூடிவிட்டோம், 1958 மாடல் கிடையாது.

வெர்னா அழவில்லை; கோபம்தான் வந்தது. காரணம் ஆர்வில் ஸ்டாங். பன்றி வளர்க்கிற இந்த மனிதர் பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு பெல்மோர் வாங்கினார். அதிலிருந்து ஒவ்வொரு திறப்புக்கும் முதல் ஆளாக வந்து, இலவச டோனட் நாலைந்தைத் தின்றுவிட்டு, "என் பழைய வண்டி மாதிரி வராது" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுப் போவார். கடையை மூடுவதற்குள் புது பெல்மோரைப் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது வெர்னாவின் சபதம். பாக்கி இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. காட்டுவதற்குக் காரே இல்லை.

"முதலாளியம்மா, ஷெட்ல ஒரு பெல்மோர் நிக்குதே" என்றான் மெக்கானிக் க்ளீட்டஸ். "ஸ்டாங்கு பிரேக் பாக்கச் சொல்லி விட்டுட்டுப் போனது."

"அந்தச் சேத்து மூட்டையா?"

"கழுவித்தான் பாப்போமே!"

கழுவினார்கள். ஐந்து வாளி, பத்து வாளி, பதினேழு வாளி. பழுப்பு நிறம் என்று ஊரே நினைத்திருந்த கார் பச்சையாக வெளிப்பட்டது. வெர்னாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காருக்குப் பளபளப்பு ஏற்றும் மெழுகு டப்பாவோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நம்பர் தகட்டைக் கழற்றிவிட்டுத் துணியைப் போர்த்தினார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காகிதம் கிழிந்தது, பள்ளிக்கூட பேண்டு முழங்கியது, துணி விலகியது.

"வாலை வெட்டிட்டாங்கடோய்!" என்று யாரோ கத்த, கூட்டம் கைதட்டியது.

ஆர்வில் கையில் டோனட்டோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு காரைச் சுற்றினார். இன்னொரு தடவை சுற்றினார். டோனட்டைக் கடிக்கவே மறந்துவிட்டார்.

"இதாம்மா காரு! உங்க ஆளுங்களுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. என் வண்டிய நீ எடுத்துக்க, இத எனக்குக் குடுத்துரு."

க்ளீட்டஸ் வாயில் துணியை அடைத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினான். வெர்னாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஏறித்தான் பாருங்களேன், ஆர்வில்."

ஏறினார். "அடேயப்பா, எனக்கே அளவெடுத்துத் தைச்ச மெத்த மாதிரியில்ல இருக்கு!" என்றபடி ஸ்டியரிங் பக்கத்துச் சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி. நாலு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த அதே கண்ணாடி.

மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்தார், சீட்டில் தன் சுருட்டு போட்ட ஓட்டையைப் பார்த்தார், கடைசியில் வெர்னாவைப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று அவள் தயாரானாள். ஆர்வில் இறங்கிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"நான் என்னய்யா சொன்னேன்? என் பழைய வண்டி மாதிரி வராதுன்னு சொன்னேனா இல்லையா!"

ஷோரூமே குலுங்கியது. வெர்னா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"சரி, புதுச எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்றார் ஆர்வில்.

"புதுசு இல்ல, ஆர்வில். கம்பெனிய மூடிட்டாங்க. இனிமே பெல்மோரே வராது."

ஆர்வில் டோனட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். "அந்த மெழுகு டப்பால ஒண்ணு குடும்மா" என்று வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

கோர்ட்டு முனையில் ஒரு சேற்றுக் குட்டை உண்டு. பதினோரு வருஷமாக அதன் நடுவிலேயே வண்டியை விட்டுக்கொண்டு போகிற மனிதர் ஆர்வில். ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. பச்சைக் கார் வேகத்தைக் குறைத்து, குட்டையைச் சுற்றிக்கொண்டு போனது.