கடல் கொண்டுபோன ஏழாவது குழி

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி மோராக் கேட்கவில்லை. "எழுதித் தொலைக்காதே" என்றுதான் சொன்னாள். என் பக்கத்து வீட்டுக்காரி. எழுதக் கூடாத கதையை இவ்வளவு விவரமாக ஏன் சொன்னாள் என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே, எதுவும் விளையாத மணல்மேட்டில், பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவன் கூழாங்கல்லைக் கோலால் தட்டி..."

(வேண்டாம். அவன் யாரென்று எவருக்கும் தெரியாது. எங்கள் கோல்ஃப் மைதானத்தை யாரும் கட்டவில்லை. மேடுகளைக் காற்று எழுப்பியது. குளிருக்கு ஒதுங்கிய ஆடுகள் பறித்த பள்ளங்களில்தான் இன்றும் பந்துகள் மாட்டிக்கொள்கின்றன. ஊரார் யாரும் அங்கே துணி உலர்த்தலாம். பந்து பட்டால் சண்டைக்குப் போகக் கூடாது.)

2

மோராக்கின் கணவன் வாலஸ், படகு இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். பார்வை முழுவதும் போன பிறகும் விளையாடினான். அந்த விளையாட்டையே வெறுத்த மோராக், அதன் பிறகு பின்னால் நின்று, பந்து போக வேண்டிய திசைக்கு அவன் தோளைத் திருப்பிவிடுவாள்.

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம். அவ்வளவு இல்ல, அது பாதிரியார் வீடு."

"போன தடவை அவர் ஜன்னல் உடைஞ்சது நீ காட்டின வழியிலதான்."

"வழிதான் நான் காட்டினேன். அடிச்சது நீ."

3

கடலோரத்து ஏழாவது குழி இருந்த புல்திட்டில்தான் வாலஸ் கடைசியாக ஒன்றைத் தெளிவாகப் பார்த்தான்: தேநீர்க் குடுவையோடு திட்டிக்கொண்டே வரும் மோராக்கை. ஜனவரிப் புயலில் அந்தத் திட்டு, குழியில் நட்டிருந்த கொடிக்கம்போடு கடலுக்குள் சரிந்தது. சரிந்த விளிம்பை ஒட்டி, சற்று உள்ளே தள்ளி வேறு குழி வெட்டினார்கள். வாலஸிடம் மோராக் அதைச் சொல்லவில்லை. புதிய இடத்துக்கே அவனை அழைத்துப் போனாள்.

(இங்கே எனக்குச் சந்தேகம். மீன் கெட்டிருந்தால் கடைக்காரன் முகத்துக்கு நேரே சொல்கிறவள் மோராக். அவளா மறைத்தாள்? மறைத்தாள்.)

ஒரு நாள் பந்தைத் தட்டிவிட்டு வாலஸ் நின்றான்.

"கடல் சத்தம் கிட்ட கேக்குதே."

"காத்து அப்படி."

"மோராக், காத்து இன்னைக்கு நிலத்துப் பக்கமிருந்து வருது."

அவள் குனிந்து பந்தை எடுத்தாள்.

"எவ்வளவு போச்சு?"

"திட்டு மொத்தமும். புயல்லயே."

"அப்ப இத்தனை நாளா நான் ஆடினது?"

"புதுசா வெட்டின குழி. பழசை விடச் சுலபம்."

"அதானே பார்த்தேன். நான் தேறிட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன்." கோலை ஊன்றிக்கொண்டு, "என்னை அந்த விளிம்புக்குக் கூட்டிட்டுப் போ."

4

ஒரு முடிவு: வாலஸ் பந்தைக் கடலுக்குள் அடித்தான். (பார்க்க அழகு. ஆனால் நல்ல பந்தை அவன் வீணாக்க மாட்டான்.)

இன்னொன்று: இருவரும் கட்டிக்கொண்டு... (இல்லை. சாலையிலிருந்து பார்த்தால் தெரியும் இடம் அது.)

நடந்தது இவ்வளவுதான். விளிம்பில் யாரும் விழாமலிருக்கக் கயிறு கட்டிய இடத்தில் நின்றார்கள். "என்ன தெரியுது?" என்று கேட்டான். திசை மட்டும் சொல்லிப் பழகிய மோராக், அன்று எல்லாவற்றையும் சொன்னாள்: அறுந்து தொங்கும் புல்வேர், கலங்கிய தண்ணீர், பாறையில் சிறகு விரித்த நீர்க்காகம். கேட்டு முடித்து அவன் ஒன்று சொன்னான்.

"என்ன சொன்னான்?" என்று மோராக்கிடம் கேட்டேன்.

"அது உனக்கில்ல."

அந்த வாக்கியத்துக்கு இங்கே இடம் விடுகிறேன். நான் எழுதிப் பார்த்தது எதுவும் வாலஸ் பேசுவதுபோல் இல்லை. உங்களைக் கைபிடித்து நடத்திய ஒருவரிடம் நீங்கள் சொன்னதை, சொல்லாமல் விட்டதை, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

........................

பிறகு எட்டாவது குழிக்குப் போனார்கள். குறைந்த அடியில் முடிப்பவனே கெட்டிக்காரன் என்ற ஆட்டத்தில், அதை முடிக்க வாலஸ் பந்தை ஒன்பது முறை அடிக்க வேண்டியிருந்தது. மோராக் ஒன்றைக்கூடக் குறைக்காமல் ஒன்பது என்றே சொன்னாள்.