கறுப்புச் சட்டையில் வெள்ளை எழுத்து

அமெரிக்காவின் டுலூத் நகரில் ரூடி ஸ்கார்டாவின் சட்டைக் கடையில், சட்டைகளில் அச்சிடப் பல வருடம் படம் வரைந்தவள் பிரிட்டா டோலெஃப்சன். அவள் வேலையை விட்டு, வீட்டிலிருந்தே இணையத்தில் தன் ஓவியங்களை விற்கத் தொடங்கினாள். அவள் அங்கே பார்வைக்கு வைத்த படங்களெல்லாம் அவளைக் கேட்காமலே ரூடியின் சட்டைகளில் ஏறின.

போன் போட்டுக் கேட்டாள்.

"நெட்ல கிடந்துச்சு, எடுத்தேன். என் கடையில வளர்ந்தவதானே நீ? கோவிச்சுக்காத."

"என் பேரையாவது போடு ரூடி."

"சட்டை வாங்குறவன் உன் பேரையா படிக்கப்போறான்?" சிரித்தபடியே வைத்துவிட்டான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாய்த் தங்கியது.

ஜனவரியில் உறைந்த ஏரிமேல் மீன்பிடிப் போட்டி நடக்கும். அதற்கான சட்டைகளைத் தயாரித்துக் கொடுப்பது ரூடிதான், எப்போதும் கறுப்பு. பிரிட்டா துள்ளும் ட்ரவுட் மீன் ஒன்றை வரைந்தாள். அதுவரை வரைந்ததிலேயே அழகான மீன். கணினியில் பின்னணியை முழுக்க அழித்து, அடியில் எந்த நிறம் வைத்தாலும் அது தெரியும்படி மீனை மட்டும் விட்டாள். பிறகு அதன் கீழே, ஒன்றுமில்லாத அந்த இடத்தில், தூய வெள்ளையில் எழுதினாள்: 'இது பிரிட்டாவின் மீன். ரூடி திருடினான்.'

அவளுடைய இணையப் பக்கம் வெள்ளை. வெள்ளைமேல் வெள்ளை கண்ணுக்குத் தெரியவில்லை. அடியில் கறுப்பை வைத்துப் பார்த்தாள்; எழுத்து பளிச்சென்று நின்றது. கறுப்பை நீக்கிவிட்டுப் படத்தை ஏற்றினாள்.

ரூடி எதையும் சரிபார்க்கும் ஆளில்லை. படத்தை எடுத்தான், வெளியூர் அச்சகத்துக்கு அனுப்பினான். சட்டைப் பெட்டிகள் நேரே ஏரிக்கரைக்கு வந்து இறங்கின.

போட்டியன்று பிரிட்டா பனியில் நின்று பார்த்தாள். கோட்டுக்கு மேலேயே சட்டையை மாட்டியவர்கள், ஒருவர் மார்பில் இருந்ததை ஒருவர் படித்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார்கள். ரூடி பெட்டிகளை மூடப் பார்த்தான், யாரும் விடவில்லை.

"ஏய் ரூடி, போன வருச மீனும் சுட்டதுதானா?" என்று ஒருவன் கத்த, கூட்டமே கொல்லென்று சிரித்தது.

பிரிட்டாவைக் கண்டதும் ரூடி பனியில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தான்.

"என் மானத்த வாங்கிட்டியேடி!"

"உன்னை யாரு எடுக்கச் சொன்னா?"

"அடுத்த வருசம் வேற கடையாம். போட்டிக் கமிட்டியில சொல்லிட்டாங்க. நீ ஒரு வார்த்தை பேசேன் பிரிட்டா... விளையாட்டுக்குன்னு சொல்லேன்."

அந்தக் கெஞ்சல் அவளுக்கு இனித்தது. இரக்கம் வருமோ என்று ஒரு கணம் நின்றாள். வரவில்லை.

"விளையாட்டுக்கு இல்ல ரூடி."

அவனைத் தாண்டிப்போய், ஒரு சட்டையை எடுத்துக் கோட்டின்மேல் மாட்டிக்கொண்டாள். கூட்டத்தின் நடுவே கரைவரை மெல்ல நடந்தாள். பிறகு திரும்பி, மறுபடியும் அவன் முன்னாலேயே நடந்து வந்தாள்.