விளிம்புவரை ஊற்றிய தேநீர்

மோல்திர் இரண்டு வெள்ளிக்கிழமையாக ஊசிக்கு வரவில்லை. நான் ஊர் நர்ஸ். மூட்டுவாதக்காரர்கள் நாற்பது பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள். டாக்டர் நகரத்திலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் அவர்களின் விரலும் முழங்காலும் என் தலையில்தான். போன் செய்தேன், அவள் எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை நானே அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. அவள் கணவன் தௌலெத் டிக்கியில் ஒரு பெட்டியை வைத்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“வா உல்போசின்” என்று என்னை உள்ளே கூட்டிப்போனாள் மாமியார் குல்யாஷ். “நல்ல நேரத்துக்கு வந்தே. உன் நோயாளியை அவ அம்மா வீட்டுக்கே அனுப்புறோம்.”

“என்ன ஆச்சு, அபா?” என்றேன். வயதில் பெரியவளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“என் மகளைக் கட்டிக்கப்போற வீட்டுலேர்ந்து எட்டுப் பேர் வந்திருந்தாங்க. மகாராணி எல்லார் கிண்ணத்துலயும் விளிம்பு வரைக்கும் டீயை ஊத்தி வெச்சா. தொட்டுக்கூடப் பாக்காம எழுந்து போயிட்டாங்க!”

எனக்கே பகீரென்றது. எங்கள் ஊரில் மருமகள்தான் ஊற்ற வேண்டும், அதுவும் அடியில் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப. கிண்ணத்தை நிரப்பினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள்.

மோல்திர் கைகளைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“உனக்குத் தெரியாதா, பொண்ணே?” என்று கேட்டேன்.

“தெரியும் அக்கா. மணிக்கட்டு நிக்கல. இன்னொரு தடவை தூக்கியிருந்தா கெட்டில் அவங்க மடியிலதான் விழுந்திருக்கும். கனமானதைத் தூக்குற தடவையைக் குறைச்சுக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நான்தான் சொன்னேன். அச்சடித்த தாளைப் பார்த்து ஒப்பித்தேன். அதில் வாளி இருந்தது, சட்டி இருந்தது. எட்டுப் பேருக்குப் பத்துச் சுற்று ஊற்றும் மருமகள் அதில் இல்லை. நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவள்தான், எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? வெட்கத்தில் காது சுட்டது.

“தப்பு என்னோடது, அபா” என்றேன். “திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க.”

“சும்மா பரிஞ்சு பேசாதே. காலையில பத்து மணி வரைக்கும் கை மடங்கலன்னு சொல்லுவா. சாயங்காலம் பாத்தா நல்லாத்தான் இருக்கா. நடிப்பு இல்லாம வேற என்ன?”

“இந்த நோயே அப்படித்தான். ராத்திரி முழுக்க இறுகிப்போய், பகல்ல மெதுவாத்தான் விடும். ஊசிக்கு ஏன் அனுப்பல?”

“கல்யாண வேலை கெடக்கே.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மோல்திரின் கையைச் சால்வையிலிருந்து எடுத்து, குல்யாஷின் உள்ளங்கையில் வைத்தேன். விரல் முட்டிகள் இடையில் பள்ளமே தெரியாமல் வீங்கியிருந்தன. குல்யாஷ் லேசாகத்தான் விரலை மூடினாள், மோல்திர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சுடுதே” என்றாள் குல்யாஷ். “இந்தக் கையாலயா நேத்து மாவு பிசைஞ்சே? ஏன்டி சொல்லல?”

“சொன்னேன், அபா” என்றாள் மோல்திர்.

குல்யாஷ் அந்தக் கையை மெல்ல விட்டாள். பிறகு என்னிடம் கேட்டாள். “எத்தனை மாசத்துல சரியாகும்?”

ஆறு மாதம் என்று சொல்லியிருக்கலாம். பெட்டி அப்போதே காரிலிருந்து இறங்கியிருக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி ஏறும்.

“ஊசி தவறாம போட்டா அடங்கும், அபா. ஆனா விட்டுப் போகாது. ஆயுசுக்கும் இருக்கும்.”

மோல்திர் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை என் வாயாலேயே காரில் ஏற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

“நாளைக்கு அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு நீயும் வந்து இதைச் சொல்லணும்” என்றாள் குல்யாஷ்.

“வர்றேன்.”

“எனக்கு அறுபத்தேழு வயசு. நான் இருக்கிற வரைக்கும் நான் ஊத்துவேன். அப்புறம்?”

அவளே ஜன்னலைத் திறந்து வெளியே கத்தினாள்.

“தௌலெத்! வண்டியை அணைச்சிட்டு, கையைக் கழுவிட்டு உள்ள வா. டீ ஊத்தக் கத்துக்கோ!”