நாற்பத்தெட்டு வோல்ட்

2006 ஜூன் மாதம் அந்த இன்ஷூரன்ஸ் அலுவலகம் புனே மகர்பட்டாவில் நான்காவது மாடிக்குக் குடிவந்தபோது, அறுபது மேஜைகளிலும் இன்டர்நெட் போன் வைப்பது என்று முடிவாயிற்று. நெட்வொர்க் பொறுப்பு ஐசக்குடையது. கட்கியில் பிறந்து வளர்ந்தவன், முப்பது வயது. செலவைக் குறைத்துக் காட்டினால் நல்ல பெயர் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

போன்களுக்கு மின்சாரம் எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர் வைக்கலாமென்றால் மேஜைகளில் அத்தனை பிளக் பாயின்ட் இல்லை. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் புது ஸ்விட்ச் வாங்கலாமென்றால், விலையைக் கேட்டதும் நிர்வாக மேலாளர் விசாலாக்ஷி சிரித்தேவிட்டார். மிச்சம் ஒரு வழி இருந்தது. பழைய ஸ்விட்சுக்கும் போனுக்கும் நடுவே ஒரு பெட்டியை வைத்தால், அது கேபிளில் மின்சாரத்தை ஏற்றிவிடும்.

அந்தப் பெட்டியிலும் இரண்டு வகை. நல்ல வகை, கேபிளின் மறுமுனையில் இருப்பது போன்தானா என்று முதலில் சோதித்துப் பார்க்கும். போன் என்றால்தான் மின்சாரம் விடும். மலிவு வகை எதையும் சோதிக்காது. அங்கே எதைச் செருகினாலும் நாற்பத்தெட்டு வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். விலை மூன்றில் ஒரு பங்கு.

"போன் மட்டும்தானே மாட்டப் போறீங்க சார்? அப்புறம் என்ன டென்ஷன்?" என்றார் புத்வார் பேட் எலக்ட்ரானிக்ஸ் டீலர், ஹிந்தியில்.

ஐசக்குக்கும் அது சரி என்றே பட்டது. மலிவு வகையையே வாங்கினான். அறுபது மேஜைகளிலும், கான்ஃபரன்ஸ் அறையிலும் போன்கள் ஒரே நாளில் உயிர்பெற்றன. விசாலாக்ஷி எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினார்.

ஜூலையில் முதல் லேப்டாப் செத்தது. பயிற்சிப் பிரிவு ஷ்ரேயஸுடையது. கான்ஃபரன்ஸ் அறை மேஜையில் இருந்தது, ஆன் ஆகவில்லை. அன்று காலை அதே மேஜையைத் துடைக்கும்போது துப்புரவு வேலை செய்யும் சரசா தண்ணீர் ஜக்கைத் தட்டிவிட்டிருந்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

சரசா போபோடிக்காரி. வயது நாற்பத்தைந்து இருக்கும். கான்டிராக்டர் மூலம் வந்தவள். அந்த மாடியில் ஐசக்கிடம் தமிழில் பேசுகிறவர்கள் அவளும் விசாலாக்ஷியும்தான். தினமும் அவன் மேஜையைத் துடைக்கும்போது, "தம்பி, சாப்டாச்சா?" என்று கேட்காமல் போகமாட்டாள்.

ஐசக் லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். கேபிள் செருகும் இடத்தருகே பழுப்பாகக் கருகியிருந்தது. ஈரம் பட்டு ஷார்ட் ஆகியிருக்கும் என்று நினைத்தான். அடுத்த பத்து நாளில் இன்னும் இரண்டு லேப்டாப் போயின. மூன்றாவது, மும்பை தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரியுடையது. மூன்றும் கான்ஃபரன்ஸ் அறையில்தான். அந்த அறையைத் துடைப்பவள் சரசா மட்டும்தான்.

"தண்ணிதான் காரணம்னு எழுதித் தர முடியுமா ஐசக்?" என்று விசாலாக்ஷி கேட்டார்.

எழுதிக்கொடுத்தான். அரைப் பக்கம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சரசாவைக் கூப்பிட்டு, தவறு தன்னுடையதுதான் என்று எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, வேலையை விட்டு நிறுத்தினார்கள். "நான் துணிய நல்லா புழிஞ்சுதாம்மா தொடச்சேன்," என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கேட்டது. பையை எடுத்துக்கொண்டு போகும்போது ஐசக்கின் மேஜை அருகே நின்றாள்.

"தம்பி, நெசமாவே தண்ணிதானா?"

"அப்படித்தான் தெரியுதுக்கா," என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு ஐசக் கான்ஃபரன்ஸ் அறைக்குள் நுழைந்தான். ஷ்ரேயஸ் புது லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். மேஜையிலிருந்த போனிலிருந்து கேபிளை உருவி, சாவகாசமாகத் தன் லேப்டாப்பில் செருகினான்.

"ஏய், எடு! எடு அதை!"

ஷ்ரேயஸ் திடுக்கிட்டுப் பார்த்தான். அதற்குள் பிளாஸ்டிக் கருகும் மெல்லிய நாற்றம் வந்துவிட்டது. திரை அணைந்தது.

"என்னாச்சு சார்?" என்றான் ஹிந்தியில். "போன தடவையும் இப்படித்தானே போட்டேன். வயர்லெஸ் கிடைக்கலைன்னா இதத்தான் உருவுவோம்."

"உருவுவோம்னா? யாரெல்லாம்?"

"லேப்டாப் போன மூணு பேரும். அன்னிக்கு மும்பை சார்கூட."

ஐசக் சர்வர் அறைக்கு ஓடி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துவந்தான். வெறும் கேபிள் முனையில் வைத்துப் பார்த்தான். நாற்பத்தெட்டு. தப்பாகக் காட்டுகிறதோ என்று மறுபடி வைத்தான். நாற்பத்தெட்டு. மேஜை காய்ந்து கிடந்தது. அன்று யாரும் அதைத் துடைத்திருக்கவே இல்லை. சரசா போனபின் அந்த அறைக்கு ஆளே போடவில்லை.

விசாலாக்ஷியின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தான்.

"மேடம், தண்ணி இல்ல. நான் வாங்கின பெட்டி. லேப்டாப்பைச் செருகினா எரிச்சிடும். வாங்கும்போதே எனக்குத் தெரியும். யாரும் செருக மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அவ அழுதுண்டே கையெழுத்துப் போட்டா ஐசக்," என்றார். "நடிக்காதேன்னு சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்."

அன்றைக்கே மும்பைக்கு உண்மையை எழுதினார்கள். கான்ஃபரன்ஸ் அறை போனுக்கு அடாப்டர் வந்தது. மற்ற பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, சோதித்துப் பார்த்து மின்சாரம் விடும் வகையை வைப்பது என்று முடிவாயிற்று. ஐசக்குக்கு அந்த வருட சம்பள உயர்வு கிடையாது. அவன் அதை எதிர்பார்த்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் போபோடிக்குப் போனான். மழையில் சந்து முழுக்கச் சேறு. சரசாவின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தது. அவள் உள்ளே ஒரு மெஸ்ஸுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"தம்பி, இன்னும் ஏதாச்சும் கெட்டுப்போச்சா?"

அந்தக் கேள்வியே அவனை அடித்தது போலிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கேபிள், பெட்டி, மல்டிமீட்டரில் அளந்து பார்த்தது, அவன் எழுதிக்கொடுத்த அரைப் பக்கம். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்லக்கா."

"நான்தான்னு நம்பிட்டேன் தம்பி." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அன்னிக்கு ஜக்கு விழுந்துச்சே, அதுல தெறிச்சிருக்கும்னு. மத்த ரெண்டு நாளும் துணிய சரியா புழியல போலன்னு. படிச்ச புள்ள நீ சொன்னியே, பொய்யா சொல்லுவே? ஔந்த்ல ஒரு வீட்ல வேலைக்கு கூப்ட்டாங்க. அங்கயும் கம்ப்யூட்டர் இருந்துச்சு. வேணாம்னு ஓடியாந்துட்டேன்."

லேப்டாப்புகள் போனதும், வேலை போனதும் ஐசக்கின் கணக்கில் இருந்தன. இவள் தன் கைகளையே நம்பாமல் இத்தனை நாளும் கிடந்தாள் என்பது அவன் நினைத்தே பார்க்காதது.

"மேடம் திரும்ப வரச் சொன்னாங்கக்கா. வேலை இல்லாம இருந்த நாளுக்கும் சம்பளம் உண்டு."

"அந்த மாடிக்கு வரமாட்டேன்." யோசித்துச் சொன்னாள். "நீ ஒண்ணு செய்யி. எங்க பொம்பளைங்க எல்லாரும் காலைல ஏழு மணிக்குக் கீழ பார்க்கிங்ல, பேர் கூப்ட்டு ஹாஜரி போட வரிசையா நிப்பாங்க. அன்னிக்கு சூப்பர்வைசர் அவங்க முன்னாடிதான் என்னைய வெச்சு, 'பாத்துக்கோங்க, இப்படி வேலை செஞ்சா இதுதான்'னு பேசினாரு. அங்க வந்து சொல்லு."

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஐசக் பார்க்கிங் தளத்தில் நின்றான். நீலப் புடவையில் நாற்பது பெண்கள் வரிசையாக இருந்தார்கள். கான்டிராக்டரின் சூப்பர்வைசர் ஜெபமணி ஹாஜரி நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சங்கடமாகப் பார்த்தார். சரசா முன்வரிசையில், நல்ல சேலை கட்டி வந்திருந்தாள்.

ஐசக் ஹிந்தியில் பேசினான். நெட்வொர்க், வோல்ட் என்றெல்லாம் தொடங்கித் தடுமாறினான். பிறகு நேராகச் சொன்னான்: "லேப்டாப்புகளைக் கெடுத்தது சரசா இல்லை. நான். நான் வாங்கின மலிவுப் பெட்டி. பழியை இவங்க மேல போட்டு எழுதிக்கொடுத்ததும் நான்தான். மன்னிச்சிடுங்க."

சரசா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "சாஹேப், அந்தப் பெட்டி எப்படி இருக்கும்?"

கைகளால் அளவு காட்டினான். "இவ்வளவு நீளம். வெள்ளை. முன்னால வரிசையாப் பச்சை லைட்."

"பக்கத்து டவர் ரெண்டாவது மாடியில நான் துடைக்கிறேன். அங்க அதே மாதிரி இருக்கு." அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். "ஷாலனை அங்கிருந்துதானே போன வாரம் துரத்தினாங்க? அவளும் தண்ணியைக் கொட்டிட்டான்னுதான்."

ஐசக்குக்குப் புத்வார் பேட் கடை நினைவுக்கு வந்தது. அந்த டீலர் இன்னும் எத்தனை பேருக்கு விற்றிருப்பார்? ஜெபமணியின் கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. ஷாலனின் பெயரை அதில் அடித்ததும் அவர்தான்.

"நிக்காத தம்பி," என்றாள் சரசா. "அந்த அளக்குற மெஷின எடுத்துட்டு வா. ஆபீஸ் தெறக்குறதுக்குள்ள போயிடலாம்."

பத்து மணிக்குள் பக்கத்து டவர் நெட்வொர்க் ஆளின் முன்னால் ஐசக் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினான். அதன் சின்னத் திரையில் நாற்பத்தெட்டு என்று தெரிந்ததும் அந்த ஆள் தன் மேலாளரைப் போனில் கூப்பிட்டான். ஷாலன் அந்த வாரக் கடைசியில் வேலைக்குத் திரும்பினாள். சரசாவை ஜெபமணி வேறொரு டவரில், இரண்டு மாடிகளுக்கு மேஸ்திரியாகப் போட்டார்.