பதினெட்டாம் எண்ணுக்குப் பதில் சொன்னவர்

வருகைப் பதிவேட்டில் பதினேழாம் எண்ணுக்கு எதிரே தன் கையெழுத்தைப் போட்ட ஹாரன், யாரும் பார்க்கவில்லை என்று உறுதியானதும் பதினெட்டுக்கு எதிரே மச்சினனின் கையெழுத்தையும் போட்டார். ஹாரன் என்பது அவருடைய தொண்டைக்காக மற்ற டேங்கர் ஓட்டுநர்கள் வைத்த பெயர். அபாயச் சரக்கு ஏற்றுகிறவர்கள் மூன்று வருஷத்துக்கொருமுறை உட்கார வேண்டிய பாதுகாப்பு வகுப்பு அது. சான்றிதழ் இல்லையென்றால் வண்டியைத் தொட முடியாது. ஆள் வந்தால் என்ன, கையெழுத்து வந்தால் என்ன என்றே பாதிப் பேர் காலத்தை ஓட்டினார்கள்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அந்நேரம் ஒரு தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் லோடு இறக்கப் போயிருந்தான். இந்தத் தொழிலுக்கு அவனை இழுத்துவந்ததே ஹாரன்தான்.

கைபேசிகளை வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வாங்கிக்கொண்டார்கள். பயிற்சி கொடுக்கும் அம்மா எண்களைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

"பதினேழு."

"இருக்கேன் மேடம்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"பதினெட்டு."

மச்சினனுக்காக வீட்டிலேயே பழகிவைத்திருந்த கீச்சுக் குரலில் பதில் சொல்ல ஹாரன் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து யாரோ நிதானமாகச் சொன்னார்.

"இருக்கேன்."

புண்ணியவான் யாரோ உதவுகிறான் என்று திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் ஒரே ஒரு காலி நாற்காலி. அதற்கு முன்வரிசையில் இருந்தவர்களும் திரும்பி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் பேனா பதிவேட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு அவர் மிச்ச எண்களைப் படித்தார். குரல் மட்டும் முன்போல இல்லை.

வழக்கமான முதல் பாடத்தை விட்டுவிட்டு, அழுகின முட்டை வாடை அடிக்கும் வாயுவைப் பற்றி ஆரம்பித்தார்.

"வாடை அடிச்சா எல்லாருக்கும் பயம் வரும். வாடை நின்னா நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் ஆளைக் கொல்லும். வாயு போயிருக்காது, உங்க மூக்குதான் மரத்துப்போயிருக்கும். வாடை நின்ன இடத்துல நிக்காதீங்க. காத்து வர்ற பக்கமா ஓடுங்க."

அப்போதுதான் அறைக்குள் அந்த வாடை வந்தது. "காலையில யாருப்பா என்ன சாப்பிட்டு வந்தீங்க?" என்று ஒருவர் கிண்டலடித்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. குமட்டும் அளவுக்கு ஏறிய வாடை, சட்டென்று நின்றது.

"அப்பாடா, போயிருச்சு" என்றார் அதே ஆள்.

மச்சினன் லோடு இறக்கப் போன கழிவுத் தொட்டி ஹாரனுக்கு நினைவு வந்தது.

"பதினெட்டுக்குக் கையெழுத்து போட்டது யாரு?" என்று அந்த அம்மா கேட்டார். "நான் இதே ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தேன். என் வீட்டுக்காரரும் டேங்கர்தான் ஓட்டினார். ஒரு நாள் அவருக்கு வகுப்புக்கு வர நேரமில்ல. அவர் கையெழுத்தை நானே போட்டேன். அடுத்த வாரம் ஒரு தொட்டிகிட்ட, வாடை போயிருச்சுன்னு நம்பிக் கீழ இறங்கினார். உயிரோட மேல வரல. இப்ப பின்னாடி பேசினது அவர் குரல். தயவுசெஞ்சு சொல்லுங்க, அந்தப் பதினெட்டு எங்கே?"

ஒத்துக்கொண்டால் இரண்டு பேர் பிழைப்பும் போச்சு என்று ஹாரன் நினைத்தார். பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த முகத்தில் விழிக்கவே முடியாதே!

எழுந்தார். "என் மச்சினன் மேடம். நான்தான் போட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் வாசலில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துத் தன் கைபேசியைப் பொறுக்கினார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"என்ன மாமா, வகுப்புல இல்லையா? இங்க ஒரே நாத்தம். இப்பதான் நின்னுச்சு. வால்வைப் பார்க்கக் கீழ இறங்கப் போ..."

"ஓடுடா!"

அந்தத் தொண்டை அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது.

"மாமா?"

"ஒண்ணும் கேக்காத! போட்டதைப் போட்டபடி விட்டுட்டு, காத்து வர்ற பக்கமா ஓடு!"

சரளைக்கல்லில் காலடிச் சத்தம். இரைப்பு. பிறகு இருமல். அதன்பின் வெகுதூரத்திலிருந்து வருவதுபோல, "கேட்டுக்கு வெளிய வந்துட்டேன் மாமா. தலை சுத்துது. என்ன ஆச்சு?" என்ற குரல். ஹாரன் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

அந்த அம்மா சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பதினேழையும் பதினெட்டையும் சிவப்பு மையால் அடித்தார். இரண்டு பேரும் ஆறு மாதத்துக்கு வண்டி எடுக்க முடியாது என்று எழுதினார். ஹாரன் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் வெளியே போனபின் தொட்டியைக் கவிழ்த்தபோது விழுந்த கைபேசி உறையை எடுக்க ஹாரன் திரும்பி வந்தார். அந்த அம்மா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"பதினெட்டு" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

பதில் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு ஹாரனிடம் திரும்பி, "அடுத்த தடவை நீங்க ரெண்டு பேரும் நேர்லயே வந்துடுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் குரலை மறுபடி கேக்கறதுக்காக, வேற யாராவது வராம இருப்பாங்களான்னு மட்டும் நான் ஆசைப்படக் கூடாது."